கலிஃபோர்னியா ஸ்மாக் செக், ரெஃபரி சேவை: மாடிஃபை செய்த காரோடு குடிபோகிறவர்களுக்கு ஒரு ரிவ்யூ

ஃப்ளோரிடா 2000-ஆம் ஆண்டிலேயே புகைப் பரிசோதனைக்கு முழுக்குப் போட்டுவிட்டது. டெக்சஸில் அது பெருநகரங்களைச் சுற்றிய சில கவுண்டிகளோடு சரி. அங்கெல்லாம் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கோல்டு ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் மாற்றுக் குழாய்), ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மாற்றுக் குழாய்), லேப்டாப்பில் ஏற்றிய டியூன் (மாற்றி எழுதிய எஞ்சின் மென்பொருள்) எல்லாம் கலிஃபோர்னியாவில் நம்பர் பிளேட் வாங்கப் போகும்போது ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். அந்தக் கட்டத்தில் உங்களுக்கு மூன்று சேவைகளோடு வேலை இருக்கும்: ஸ்மாக் செக் எனப்படும் புகைப் பரிசோதனை செய்யும் தெருவோர நிலையம், மாநிலக் காற்று வள வாரியமான கார்ப் நடத்தும் ஒப்புதல் பெற்ற பார்ட்டுகளின் பட்டியல், கடைசியாக, நிலையத்தால் தீர்க்க முடியாத கார்களைப் பார்க்கும் ரெஃபரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரெஃபரி மிக நல்ல சேவை. பட்டியல் பரவாயில்லை. நிலையத்தில் கிடைக்கும் அனுபவம் நீங்கள் எவ்வளவு தயாராகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும், பார்ட்டுக்கு ஒப்புதல் எண் இல்லையென்றால் ஃபெயில். இந்த ஒரு வரியை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. "என் கார், எதையும் மாற்றாத ஸ்டாக் காரைவிடக் குறைவாகத்தான் புகை விடுகிறது" என்று நிலையத்தில் வாதாடுவது வீண். வாகனச் சட்டம் 27156-ஆவது பிரிவின்படி, புகைக் கட்டுப்பாட்டைத் தொடும் எந்தக் கூடுதல் பார்ட்டுக்கும் வாரியத்தின் விலக்கு ஆணை வேண்டும். அதைத்தான் எல்லாரும் ஈஓ எண் என்கிறார்கள். 'டி' என்ற எழுத்து, ஒரு கோடு, சில இலக்கங்கள், பெரும்பாலும் இன்னொரு கோடும் இலக்கங்களும். பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

முதலில் கெடு. கலிஃபோர்னியாவில் குடியேறியதிலிருந்து 20 நாட்களுக்குள் காரை மாநில மோட்டார் வாகனத் துறையான டிஎம்வியில் பதிய வேண்டும். ரெக் 343 விண்ணப்பம், வண்டியை நேரில் பார்த்து நிரப்பும் ரெக் 31 சரிபார்ப்புப் படிவம், பழைய மாநிலத்தின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) அல்லது பதிவுச் சான்று, ஸ்மாக் சான்றிதழ் ஆகியவை தேவை. சான்றிதழ் 90 நாள் செல்லும். அதில் அரசுக்குப் போகும் பங்கு 8.25 டாலர். பரிசோதனைக் கூலி நிலையத்துக்கு நிலையம் வேறுபடும், போனில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஸ்மாக் தாமதமாகும் போலிருந்தால் பதிவுக் கட்டணத்தை மட்டுமாவது கட்டிவிடுங்கள், தாமத அபராதம் ஏறாது. நம்பர் பிளேட்டில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் மட்டும் ஸ்மாக் சான்றிதழுக்குப் பிறகுதான் வரும்.

"எட்டு வருடத்துக்குட்பட்ட காருக்கு ஸ்மாக் வேண்டாமாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தச் சலுகை ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் பதிந்த கார்களின் இரண்டாண்டுப் பரிசோதனைக்கு. வெளிமாநிலத்திலிருந்து முதன்முறையாக வரும் காருக்குப் பொருந்தாது. 1976 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார், 1998 மாடலும் அதற்குப் பிந்தையதுமான, 14,000 பவுண்டுக்குட்பட்ட டீசல், ஹைபிரிட் எல்லாமே வரிசையில் நிற்க வேண்டும். முழு மின்சாரக் காருக்கு மட்டும் கவலையில்லை.

குடிபெயர்வதற்குச் சற்று முன் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. கலிஃபோர்னியாவாசி வாங்கும்போது 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருக்கும் கார், சட்டத்தின் கண்ணில் புதுக் கார். அது கலிஃபோர்னியா தரச் சான்று பெற்றதாக இருந்தாலொழிய பதிவு கிடைக்காது. பழைய மாநிலத்தில் குடியிருந்தபோதே உங்கள் பெயரில் பதிந்த கார் என்றால் விலக்கு உண்டு. எனவே வேலைக் கடிதம் கைக்கு வந்தபின் டீலரிடம் போகிறவர்கள், பானெட்டுக்கு அடியில் இருக்கும் புகைக்கட்டுப்பாட்டு லேபிளில் 'கலிஃபோர்னியா' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த லேபிளைக் கையோடு போட்டோ எடுத்து வைப்பது எல்லாருக்குமே நல்லது. டெஸ்ட் குரூப் அல்லது எஞ்சின் ஃபேமிலி என்று 12 எழுத்துக் குறியீடு ஒன்று அதில் இருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரை வாங்கும்போது இந்தக் குறியீடுதான் பேசும், காரின் பெயர் பேசாது.

நிலையத்தில் என்ன நடக்கிறது

2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் காருக்குப் புகைக் குழாயில் முனை சொருகும் சோதனை கிடையாது. காரின் கணினியோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகுவார்கள், காரின் கணினி தன் கதையைத் தானே சொல்லிவிடும். 1976 முதல் 1999 வரையிலான கார்களுக்குத்தான் இன்னமும் புகைக் குழாய் சோதனை. மாசு அதிகமான பகுதிகளில் உருளைகள் மேல் ஓட்டியும், மற்ற இடங்களில் நின்ற இடத்தில் இரண்டு வேகத்தில் எஞ்சினை ஓட்டியும் அளப்பார்கள். கண்ணால் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் உண்டு. மாடிஃபை செய்த கார்கள் பெரும்பாலும் விழுவது அதில்தான்.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். டெக்னீஷியன் பானெட்டைத் திறந்ததும் டார்ச் முதலில் போவது காற்று வரும் பாதைக்கு. ஏர் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் இருந்தால், அடுத்த கேள்வி "ஸ்டிக்கர் எங்கே?". ஈஓ எண் பொறித்த ஸ்டிக்கர் குழாயின் மேலோ பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்திலோ இருக்க வேண்டும். பாக்ஸோடு வந்த ஸ்டிக்கரை டிராயரில் போட்டுத் தொலைத்தவர்கள் ஏராளம். பார்ட் எண்ணைச் சொன்னால் மாற்று ஸ்டிக்கர் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அடுத்து, எஞ்சினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் பிசிவி குழாய். நடுவில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஆயில் கேட்ச் கேன் உட்கார்ந்திருந்தால் அதற்கும் எண் வேண்டும். பிறகு கைக்கண்ணாடியைக் கீழே நீட்டி கன்வெர்ட்டரைப் பார்ப்பார். பின் ஆக்சிஜன் சென்சார் ஒரு விரல்கட்டை அளவு ஸ்பேசர் மேல் ஏறி நின்றால், சென்சாரை ஏமாற்றத்தான் அது அங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை.

கணினியின் பக்கம் மூன்று வகையில் அடி விழும். முதலாவது, தயார்நிலை மானிட்டர்கள், அதாவது புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் கார் தானே செய்துகொள்ளும் சோதனைகள். 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் காரில், பெட்ரோல் ஆவிக் கசிவைப் பார்க்கும் எவாப் மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். 1996 முதல் 1999 வரை ஏதாவது ஒன்று முடியாமலிருந்தால் மன்னிப்பு உண்டு. பேட்டரியைக் கழற்றினாலும் டியூனை அழித்து ஸ்டாக் மென்பொருளை ஏற்றினாலும் எல்லா மானிட்டரும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். முந்தின நாள் இரவு ஸ்டாக்குக்கு மாற்றிவிட்டுக் காலையில் நிலையத்துக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இரண்டாவது, நிரந்தரக் கோளாறுக் குறியீடு. 2010 மாடலும் அதற்குப் பிந்தையதுமான கார்களுக்கு 2019 ஜூலை முதல் இதையும் பார்க்கிறார்கள். ஸ்கேனரால் இதை அழிக்க முடியாது. கோளாறு சரியாகிவிட்டது என்று கார் தானே சோதித்து நம்பினால்தான் போகும். குறியீடு அழித்தபின் 15 முறை எஞ்சின் சூடேறும் சுற்றும் 200 மைலும் கடந்திருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் கணினியில் ஓடும் மென்பொருளின் அடையாள எண்ணையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் கருவி படித்து, தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிடுகிறது. டியூனில் குதிரைத்திறன் ஏற்றாமல் பின் சென்சார் விளக்கை மட்டும் அணைத்திருந்தாலும் எண் மாறிவிடும். "கண்ணால் பார்த்தால் தெரியாதே" என்ற காலம் போயிற்று. டியூன் வேண்டுமென்றால் ஈஓ பெற்ற டியூனை, அதே கோப்பாக, ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும், ஈஓ உள்ள சூப்பர்சார்ஜர் கிட்டை வாங்கிப் பூட்டிவிட்டு, அதன் மேல் நண்பர் எழுதிய கோப்பை ஏற்றினால் கிட்டின் ஒப்புதலும் காற்றோடு போச்சு. வேறொரு காரின் எஞ்சின் கணினியை (ஈசியூ) மாட்டியிருந்தால், அதிலுள்ள வாகன அடையாள எண் (விஐஎன்) உங்கள் காரோடு ஒத்துப்போகாமல் அங்கேயும் கேள்வி வரும்.

நிலையங்களிடம் பிடித்த விஷயம், பல இடங்களில் ப்ரீ-டெஸ்ட் செய்து தருவார்கள். முடிவு டிஎம்விக்குப் போகாது. வெளிமாநிலக் காருக்கு அந்தக் காசு வீணாகாது. பிடிக்காத விஷயம், டெக்னீஷியனுக்குத் தீர்மானிக்கும் உரிமை கிடையாது. எண் பொருந்துகிறதா என்று மட்டும்தான் அவர் பார்க்க முடியும். கறாராக இருக்கிறார் என்று அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, தவறாகப் பாஸ் போட்டால் உரிமம் போவது அவருக்குத்தான்.

கார்ப் பட்டியல்: பயன் உண்டு, பொறுமை வேண்டும்

வாரியத்தின் தளத்தில் வருடம், தயாரிப்பாளர், மாடல், பார்ட் வகை என்று தேடலாம். இலவசம். ஆனால் தேடல் முடிவோடு நிறுத்திவிடாதீர்கள். ஆணையின் பிடிஎஃப்பைத் திறந்து, பின்னால் இருக்கும் பொருத்த அட்டவணையைப் படியுங்கள். எஞ்சின் ஒன்றுதான், குழாயும் ஒன்றுதான், ஆனால் அட்டவணை 2017 மாடலோடு முடிகிறது, உங்கள் கார் 2018. அப்படியென்றால் ஃபெயில்தான். அடுத்த ஆணையில் அந்த ஆண்டைச் சேர்த்திருக்கிறார்களா என்று ஈஓ எண்ணின் கடைசி இலக்கங்களை மாற்றித் தேடிப் பார்க்க வேண்டும்.

பார்ட் எண்ணின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ஒரே உருவத்தில் இரண்டு பார்ட் விற்கும் கம்பெனிகள் உண்டு: ஒன்று ஈஓவோடு, இன்னொன்று 'பந்தயத்துக்கு மட்டும்' என்ற குறிப்போடு. ஆன்லைன் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலை குறைந்ததுதான் கண்ணில் படும். 'ஐம்பது மாநிலங்களிலும் சட்டபூர்வம்' என்ற விளம்பர வரி இருந்தாலும் எண் இல்லாமல் நம்பாதீர்கள்.

எதற்கு எண் தேவை, எதற்கு இல்லை? கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்-பேக் எக்ஸாஸ்ட், மஃப்ளர், சஸ்பென்ஷன், பிரேக், வீல், ஸ்ட்ரட் பார் இவற்றுக்கெல்லாம் ஸ்மாக்கில் கேள்வி இல்லை. இன்டேக், ஹெடர், டர்போ, சூப்பர்சார்ஜர், த்ராட்டில் பாடி, கேட்ச் கேன், டியூன் ஆகியவற்றுக்குக் கட்டாயம். டீசல் பிக்கப்பில் துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே எந்த ஈஓவும் உதவாது. அது கூட்டாட்சிச் சட்டப்படியே எந்த மாநிலத்திலும் தடைசெய்யப்பட்டது. பழைய ஊரில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

கன்வெர்ட்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பணம் அதிகம் போவது அதில்தான். வெளிமாநிலத்தில் மாற்றிய பட்ஜெட் கன்வெர்ட்டர் பெரும்பாலும் கூட்டாட்சித் தரத்துக்கானது. அதில் விலையுயர்ந்த உலோகங்கள் குறைவு, அதனால்தான் மலிவு. கலிஃபோர்னியாவில் அது செல்லாது. ஈஓ எண், பார்ட் எண், தயாரிப்புத் தேதி, புகை ஓடும் திசையைக் காட்டும் அம்பு எல்லாம் உடம்பிலேயே பொறித்ததுதான் வேண்டும். அதுவும் உங்கள் டெஸ்ட் குரூப்புக்குப் பொருந்த வேண்டும், அசல் இருந்த அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரண்டு இருந்த இடத்தில் ஒரு ஹை-ஃப்ளோ போட்டால் எண் இருந்தாலும் ஒப்பாது. இந்த வகைக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் உண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடைசல் யார்டில் பழைய கன்வெர்ட்டர் வாங்கிப் போடுவது 2008-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் காரிலிருந்து கழற்றிய அசல் கன்வெர்ட்டர் கராஜ் மூலையில் கிடந்தால், அதைவிட மதிப்புள்ள சாமான் அந்த வீட்டில் குறைவு. கிளம்புவதற்கு முன் பழைய ஊரிலேயே அதைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். இதே விதி கலிஃபோர்னியாவோடு முடிவதில்லை: நியூயார்க், மெய்ன், கொலராடோவிலும் கார்ப் தரக் கன்வெர்ட்டர்தான் செல்லும்.

ஸ்டாக்குக்குத் திருப்பும் வேலை முழுவதையும் கிளம்புவதற்கு முன்பே முடிப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. டாலஸிலிருந்து பே ஏரியாவுக்கு ஓட்டிக்கொண்டே வந்தால் அந்த நெடும்பயணமே மானிட்டர்களை முடித்துக் கொடுத்துவிடும், 200 மைல் கணக்கும் தீர்ந்துவிடும். டேங்க் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்கட்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, பின் சீராக 55 மைல் வேகத்தில் போய், பிரேக் மிதிக்காமல் வேகத்தை இறங்க விடும் சந்தர்ப்பங்கள் கிடைத்தால் கன்வெர்ட்டரைச் சோதிக்கும் கேட்டலிஸ்ட் மானிட்டர் சீக்கிரம் முடியும். இருப்பதிலேயே சோம்பேறி அதுதான். காரை டிரக்கில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. இறக்கியதும் சில நாள் ஓட்டிவிட்டு, மலிவான ஒரு ஓபிடி ஸ்கேனரில் எல்லாம் தயார் என்று பார்த்தபின் போங்கள்.

ரெஃபரி: கடைசியில் போகிறார்கள், முதலில் போயிருக்கலாம்

சமுதாயக் கல்லூரி வளாகங்களில் பெரும்பாலும் இயங்கும் இந்த ரெஃபரி மையங்கள், நிலையத்துக்கும் உங்களுக்கும் தகராறு வந்தால் தீர்த்து வைப்பவை. அதைவிட முக்கியமாக, சாதாரண நிலையம் தொடவே முடியாத கார்களைப் பார்ப்பவை. எஞ்சின் மாற்றிய கார், பார்ட்டுகளாக வாங்கிக் கட்டிய கிட் கார், அசல் பார்ட் சந்தையிலேயே கிடைக்காத பழைய கார். இந்தக் கடைசி வகைக்குத் தேடிய ஆதாரத்தைக் காட்டினால் பார்ட் விலக்கு தரும் வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

எஞ்சின் மாற்றத்துக்கு அவர்கள் பார்ப்பது தெளிவானது. உள்ளே போன எஞ்சின் காரின் மாடல் ஆண்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். ஒரே வாகன வகுப்பு, அதாவது கனரக எஞ்சினைத் தூக்கிப் பயணிகள் காரில் வைக்கக்கூடாது. எஞ்சின் வந்த காரின் கன்வெர்ட்டர், எவாப் கேனிஸ்டர், சென்சார்கள், கணினி, எச்சரிக்கை விளக்கு அத்தனையும் கூடவே வந்திருக்க வேண்டும். 1998 ஹோண்டா சிவிக்கில் அமெரிக்க அக்யூரா ஆர்எஸ்எக்ஸின் கே-சீரிஸ் எஞ்சினை எல்லா உறுப்புகளோடும் பூட்டியிருந்தால் பாஸாகும் வாய்ப்பு உண்டு. ஜப்பானியச் சந்தைக்கான எஞ்சின் என்றால், அமெரிக்கச் சான்று பெற்ற எஞ்சினுக்கு அது சமம் என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். பாஸானால் எஞ்சின் விவரத்தோடு ஒரு லேபிள் ஒட்டித் தருவார்கள். அதற்குப் பிறகு எந்தச் சாதாரண நிலையத்துக்கும் போகலாம். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த லேபிள் உள்ள எஞ்சின்-மாற்றுக் கார்களை வாங்குகிறவர்களும் தேடித்தான் வாங்குகிறார்கள்.

அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை: எஞ்சின் வாங்கிய ரசீது, அது வந்த காரின் விஐஎன், ஒவ்வொரு ஈஓ ஆணையின் அச்சுப் பிரதி, ஃபெயிலான அறிக்கை இருந்தால் அது. குறை என்றால், நடந்து போய் உடனே பார்க்க முடியாது. மையம் குறைவு, தேதி வாங்க வேண்டும், 20 நாள் கெடுவுக்குள் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கக்கூடாது. வந்த முதல் வாரத்திலேயே அப்பாயிண்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். பழுது பார்க்க அரசு தரும் நுகர்வோர் உதவித் தொகையை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். அது இங்கே பதிந்த காரின் இரண்டாண்டுப் பரிசோதனை ஃபெயிலானால்தான். கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்த காருக்குக் கிடையவே கிடையாது.

ஸ்மாக்குக்கு வெளியே போலீஸ் நிறுத்தும் விஷயங்கள் சுருக்கமாக. முன் இருக்கைகளின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சம் புக வேண்டும். டெக்சஸ் 25-க்கும், ஃப்ளோரிடா 28-க்கும், அரிசோனா 33-க்கும் விடுவதால், அங்கிருந்து வரும் காரின் முன் டின்ட் ஏறக்குறைய நிச்சயமாக உரிக்க வேண்டியது. பின்பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை, இருபுறமும் வெளியே பின்புறம் பார்க்கும் மிரர் இருந்தால் போதும். உரித்துக் காட்டினால் 25 டாலர் கட்டணத்தோடு பெரும்பாலும் முடியும் வகை டிக்கெட் இது. எக்ஸாஸ்ட் சத்தம் 6,000 பவுண்டுக்குட்பட்ட காருக்கு 95 டெசிபல் வரை. சத்தத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அளந்து சான்று தரும் இடமும் ரெஃபரிதான். காரைத் தாழ்த்தியிருந்தால் எந்த உறுப்பும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கக்கூடாது. பிக்கப்பைத் தூக்கியிருந்தால் ஃப்ரேம் உயரம் 4,500 பவுண்டு வரை 27 அங்குலம், அதற்குமேல் 7,500 வரை 30. முன் நம்பர் பிளேட் கட்டாயம். அதற்காக பம்பரில் துளை போட மனமில்லாதவர்கள் டோ ஹூக் இடத்தில் பூட்டும் பிராக்கெட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

யாருக்கு இந்தப் பாடு தகும்? போல்ட் கழற்றிப் பூட்டும் மாற்றங்கள் மட்டும் இருந்து ஸ்டாக் பார்ட் கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார இறுதி வேலை. ஈஓ உள்ள இன்டேக், கேட்-பேக் என்று வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரைத் துடைத்து வைத்துவிட்டு நிம்மதியாக வரலாம். ஆர்டரின்படி கட்டிய டர்போ, தனி ஈசியூ, வெட்டியெடுத்த கன்வெர்ட்டர் என்று போனவர்கள், அதை ஸ்டாக்குக்குத் திருப்ப ஆகும் பார்ட் செலவை முதலில் கூட்டிப் பாருங்கள். அது காரின் விலையில் பாதியைத் தொட்டால், பழைய மாநிலத்தில் அதை விரும்பி வாங்க ஆள் இருக்கும்போதே விற்றுவிட்டு வருவது மேல்.